ஏழாம் கம்பத் தெருவின் தூசித் தட்டு

எங்கள் தெருவில் தூசி விழுவதே இல்லை என்று பதினொரு மாதம் எழுதிக்கொடுத்தவள் நான்தான். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் கெஞ்சவும் இல்லை. வெட்கப்பட்டு எழுதினேன்.

ஊரின் தென்மேற்கில் அனல் மின் நிலையத்தின் சாம்பல் மேடு இருக்கிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அந்த மேடு எழுந்து நடந்து வரும். கொடியில் காயும் துணி, குடத்துத் தண்ணீர், கொதிக்கிற குழம்பு, தூங்குகிற குழந்தையின் இமை என்று எல்லாவற்றிலும் சாம்பல் இருக்கும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இப்படித்தான் இருந்தது. பிறகு திரை வந்தது.

துணியால் ஆன திரை இல்லை, காற்றால் ஆனது. மேட்டுக்கும் ஊருக்கும் நடுவே நாற்பத்தொரு கம்பங்கள் நட்டார்கள். ஒவ்வொன்றும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி உயரம். கம்பம் முழுக்க ஊசித் துளைகள். அவற்றிலிருந்து சீறும் காற்று, மேட்டைத் தாண்டி வருகிற காற்றைப் பிடித்து வளைத்து ஊரைச் சுற்றிக் கடலுக்கு அனுப்பும். எந்தக் கம்பம் எப்போது எவ்வளவு சீற வேண்டும் என்பதை ஒரு மிஷின் முடிவு செய்தது. அதற்குக் கண் கிடையாது. தட்டுகள்தான் அதன் கண்.

தட்டு என்பது உள்ளங்கை அகலக் கண்ணாடி. மேலே மெல்லிசாகக் கிரீஸ் தடவியிருக்கும். வீட்டுக்கு ஒன்று, வாசலில் கம்பியில் தொங்கும். விழுகிற தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். காலையில் தட்டுகளைச் சேகரித்து, வேறு தட்டு மாட்டி, நுண்ணோக்கியின் கீழ் கட்டத்துக்கு எத்தனை துகள் என்று எண்ணி, அந்த எண்ணை மிஷினுக்குக் கொடுக்க வேண்டும். கம்பங்களை ஒட்டிய தெருக்களுக்கு அந்த வேலை எனக்குக் கிடைத்தது. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவளுக்கு அது பெரிய வேலை.

நான் பரீட்சையில் தோற்றுப் பள்ளியை விடவில்லை. நான் பெஞ்சை விட்டு எழுந்ததும் பக்கத்தில் உட்காருகிறவள் கைக்குட்டையால் அந்த இடத்தைத் துடைப்பாள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவள் சட்டை வெள்ளை, நான் உட்கார்ந்த இடத்தில் சாம்பல் இருக்கத்தான் செய்தது. ஒருநாள் அவள் துடைப்பதை வாசலில் நின்று பார்த்தேன். மறுநாள் போகவில்லை. அம்மாவிடம் வயிற்று வலி என்றேன். அந்த வயிற்று வலி மூன்று வருடமாகத் தீரவில்லை.

திரை வந்த பிறகும் ஏழாம் கம்பத் தெருவில் கொஞ்சம் தூசி விழுந்தது. கம்பத்தின் காலடியில் இருந்தால் அப்படித்தான். அதில் தவறில்லை. தவறு ரேஷன் கடைச் சுவரில் தொடங்கியது. எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று திரை அலுவலகம் வாரத்துக்கு ஒருமுறை தட்டு எண்களை அச்சடித்து அங்கே ஒட்டியது. இந்தப் பக்கம் வீட்டுப் பெயர், அந்தப் பக்கம் எண். அலுவலகம் அதைக் காற்றின் கணக்கு என்று நினைத்தது. எங்கள் பெண்கள் அதை வேறு மாதிரிப் படித்தார்கள்.

"செல்லக்கனி வீடு, நூத்தி நாப்பது," என்று சத்தமாக வாசித்தாள் ஒருத்தி. "ஏ யக்கா, ஒங்க வீட்ல பெருக்க ஒரு வாரியலே கெடையாதா?"

"என் வாரியல் கெடக்கட்டும். அதுக்கு மேல பாருளா," என்றாள் செல்லக்கனி அக்கா. "மரியதங்கம் வீடு எரநூத்திப் பன்னெண்டு! காலையில இருந்து பொழுது சாயும் வரைக்கும் கையில தண்ணியும் துணியுமா அலைவா. அம்புட்டும் நடிப்பு!"

மரியதங்கம் என் அம்மா. கம்பத்துக்கு மிக அருகில் இருந்தது எங்கள் வீடு, அதனால் எண் கூடுதல். அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் தெரியும், நான்தான் எண்ணியவள். தலையைக் குனிந்து சீனியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் செல்லக்கனி அக்காவின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், திரும்பும் வழியில் ரேஷன் கடைச் சுவரைப் பார்த்தார்கள். "பொண்ணு நல்ல பொண்ணுதான். வீடுதான் நூத்தி நாப்பதா இருக்கு" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்.

அதற்கு மறுநாள் விடியற்காலையில் அம்மா எங்கள் தட்டைக் கழற்றுவதைப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். கிரீஸ் போய்விட்டது. தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்க் குப்பியோடு வந்து, ஒரு சொட்டு விட்டு விரலால் தடவினாள். பளபளத்தது. மறுபடி மாட்டிவிட்டுத் திரும்பியபோது என்னைக் கண்டாள்.

"நீ பாக்கல," என்றாள்.

"நான் பாக்கலம்மா," என்றேன்.

அன்று எங்கள் வீட்டுக்கு நேராகச் சுழியம் எழுதினேன். சுவரில் அதைப் பார்த்து அம்மா பூரித்துப்போனாள். கையில் பையோடு அந்தச் சுவருக்கு முன்னால் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் நின்றாள். அம்மா அப்படி நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்றே வாரத்தில் தெரு முழுக்கச் சுழியம். யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது. முன்வாசல் தெளித்த கையோடு தட்டையும் துடைத்து எண்ணெய் தடவுவது வழக்கமாகிவிட்டது. நான் பெட்டியைத் திறந்தால், நாலு பெண்கள் உட்கார்ந்து தலை பின்னுகிற வீடு போல வாசனை வரும். நுண்ணோக்கியில் வைத்தால் துடைத்த தடம் வில் வில்லாகத் தெரியும். ஒவ்வொரு காலையும் அந்தத் தடத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு காலையும் சுழியம் எழுதினேன்.

ஏழாம் மாதம் அம்மாவுக்கு இருமல் வந்தது. இருமல்தானே என்றிருந்தோம்.

பதினோராம் மாதம் ஒருநாள் திரை அலுவலகத்தில் மகிழினி மேடம் என்னைக் கூப்பிட்டார். அவர் ஈரோட்டுக்காரர். அங்கே இருந்த ஒரே பொறியாளர். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட. மேசை டிராயரில் எப்போதும் பொரி கடலை வைத்திருப்பார்.

"பிரிஸ்கா, இங்க வா கண்ணு. ஒரு வேடிக்கை காட்டுறேன்."

மானிட்டரில் ஊரின் படம் இருந்தது. கம்பங்கள் புள்ளிகளாகவும் காற்று நீலக் கோடுகளாகவும் தெரிந்தன. ஏழாம் புள்ளியில் எல்லாக் கோடுகளும் முழங்கை மாதிரி மடங்கின.

"இது உங்க தெருதானே?"

"ஆமா மேடம்."

"போன வருசம் இந்த வளைவு நாப்பத்தொரு கம்பத்துக்கும் பிரிஞ்சு இருந்துச்சு. மிஷின் கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் இங்க தள்ளிட்டு வந்துருச்சு."

"வளைஞ்சா என்ன மேடம்?"

அவர் நாற்காலியைத் திருப்பினார். "மினி பஸ்ல நின்னுட்டு வந்திருக்கியா? டிரைவர் திடீர்னு ஒடிச்சா என்ன ஆகும்?"

"பக்கத்து ஆள் மேல போயி விழுவோம்."

"ஏன்னா பஸ் திரும்பிருச்சு, உன் உடம்பு இன்னும் திரும்பல. உடம்பு திரும்புறதுக்கு ஒரு நேரம் எடுக்குது. பஸ் திரும்புறதுக்கு ஒரு நேரம் எடுக்குது. மொத நேரத்த ரெண்டாவது நேரத்தால வகுத்தா ஒரு எண் வரும். தூசிக்கும் காத்துக்கும் அதே கணக்குத்தான். ஸ்டோக்ஸ் எண்ணுன்னு பேரு."

"வர்றது செகண்டா மேடம்?"

"நேரத்த நேரத்தால வகுத்தா செகண்ட் அடிபட்டுப் போயிரும். மீட்டர் இல்ல, கிராம் இல்ல, ஒரு அலகும் இல்ல. வெறும் எண். ஆனா அது ஒன்னுக்குக் கீழ இருந்தா, தூசி காத்து சொல்ற பேச்சக் கேக்கும். காத்து திரும்புற பக்கம் தானும் திரும்பிக் கடலுக்குப் போயிரும். ஒன்னுக்கு மேல போச்சுன்னா கேக்காது. காத்து திரும்பும், தூசி நேராப் போயி அங்கயே கொட்டும். கம்பத்துத் துளை காத்த விரக்கடை அகலத்துல சுருட்டுது பாரு. அவ்வளவு இறுக்கமாச் சுருட்டினா மாவு மாதிரிப் பொடிக்குக்கூட எண் ஒன்னத் தாண்டிரும். வளைவு எங்க இருக்கோ அங்கதான் கொட்டும்."

"அப்ப எங்க தெருவுல..."

"அதுதான் வேடிக்கை! அங்க மலை மலையாக் கொட்டணும். ஆனா நீ எண்ணினா சுழியம். மிஷினுக்கு ஒரே சந்தோசம். எவ்வளவு போட்டாலும் காணாமப் போற எடம் ஒன்னு அதுக்குக் கெடச்சிருச்சு. ஊர்த் தூசி பூராத்தையும் அங்கதான் அனுப்புது." பொரியை வாயில் போட்டுக்கொண்டார். "இத வச்சு நான் ஒரு கட்டுரை எழுதிட்டிருக்கேன். ஏன் கண்ணு, உங்க தெருவுல மண்ணு ரொம்ப ஈரமோ? விழுந்ததும் உறிஞ்சிருதோ?"

"ஈரந்தான் மேடம்," என்றேன்.

அதைச் சொல்லிவிட்டு வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினேன். தண்ணீரில் கறுப்பு ஓடியது. எவ்வளவு நாளாக ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். ஓடட்டும் என்றுதான் விட்டிருந்தேன்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது நாள் சொல்லவில்லை. அந்த ஒன்பது நாளும் சுழியம் எழுதினேன். பத்தாம் நாள் அம்மா இருமிய துணியில் சாம்பல் நிறத்தில் சளி இருந்தது, நடுவில் ஒரு சிவப்புக் கோடு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சாம்பல் மேட்டுல வேலை பாக்கிறீங்களாம்மா?"

"இல்ல சார்."

"வீடு எங்க?"

"ஏழாம் கம்பத் தெரு. எங்க தெருவுல தூசியே கெடையாது சார்," என்றாள் அம்மா. இரும இரும, மூச்சு வாங்கிக்கொண்டு, பெருமையோடு சொன்னாள். "ஆபீஸ்லயே எழுதிப் போட்டிருக்காவ. எம் மவதான் எழுதுதா."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு கைப்பேசியில் திரையின் பட்டியலைத் தேடிப் பார்த்தார். "ஆமா, பதினொரு மாசமா சுழியம்னுதான் இருக்கு. படத்தப் பாத்தா தூசி மாதிரி இருந்துச்சு. அப்ப அது இல்ல, வேற ஏதோ ஒவ்வாமை." சீட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு இருமல் மருந்து எழுதினார்.

அந்த அடித்த கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதைப் போட்டது டாக்டரின் பேனா. போடவைத்தது என்னுடையது.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நேரே அலுவலகம் போனேன். அன்று காலை எடுத்த தட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மகிழினி மேடத்தின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"என்ன?"

"மோந்து பாருங்க மேடம்."

முகர்ந்தார். "தேங்கா எண்ணெ."

"எங்க வீட்டுத் தட்டு. எங்க தெருவுல எல்லாத் தட்டும் அப்படித்தான். நான் எடுக்க வாரதுக்கு முன்னாடி தொடச்சிருவாவ."

"எதுக்கு?"

"அழுக்கா இருக்குன்னு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியில் நின்றது. மானிட்டரைப் பார்த்தார், அந்த முழங்கையைப் பார்த்தார்.

"பதினொரு மாசம்."

"ஆமா."

"நீ பாத்துட்டே எழுதியிருக்க."

"ஆமா."

"உங்கம்மா இருமுறாங்கன்னு லீவு கேட்டியே, அவங்க..."

"ஆமா மேடம்."

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் டிராயரை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "ஒரு நாள் ஸ்கூட்டிய எடுத்துட்டு உங்க தெருவுக்கு வந்திருந்தாப் போதும். என் மூக்கே சொல்லியிருக்கும். இங்க உக்காந்துட்டு மண்ணு ஈரமான்னு கேட்டிருக்கேன். கட்டுரை பாதி எழுதி முடிச்சுட்டேன் பிரிஸ்கா."

"இப்பமே வளைவ நகத்திருங்க மேடம்."

"கையால நகத்த எனக்கு அதிகாரம் இல்ல. மனுசன் கைய வச்சா அவனுக்கு வேண்டிய தெருவுக்குச் சலுகை செஞ்சிருவான்னு அப்படி ஒரு சட்டம். மிஷின் தட்டு சொல்றத மட்டுந்தான் கேக்கும். ரெண்டு வாரம் தட்டத் தொடாம விட்டீங்கன்னா தானா நகரும்."

"எங்க நகரும்?"

"எங்க கம்மியா விழுதுன்னு தட்டு சொல்லுதோ அங்க."

"எல்லாத் தட்டும் உண்மையச் சொன்னா?"

"அப்ப அதுக்கு ஒளிக்க எடம் இருக்காது. எல்லாருக்கும் கொஞ்சங் கொஞ்சம் பங்கு போடும். உங்களுக்கும் ஒரு பங்கு வரும், பணக்காரங்க இருக்கிற கடற்பார்வை நகருக்கும் ஒரு பங்கு போகும். அவங்க கார் மேல ரெண்டு நாள் சாம்பல் படியட்டும், மூணாம் நாள் மேட்ட மூடறதுக்குத் தார்ப்பாய் வந்துரும்."

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுக்களையில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். வளைவை, எண்ணை, மிஷினை, அதற்குக் கிடைத்த காணாமல் போகும் இடத்தை. அம்மா மீனைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பம் தட்டத் தொடைக்காமப் போடணுங்கிய."

"ஆமாம்மா."

"போடி. நாலு பேரு வார போற வாசல்ல அழுக்கத் தொங்கவிடச் சொல்லுத. ஆள் பாக்காதா?"

"ஆள் பாக்கத்தாம்மா போடணும்."

"நான் செத்தாலும் மாட்டேன்."

"செத்துத்தான் போவ," என்றேன். அம்மாவிடம் அப்படி நான் பேசியதே இல்லை. அம்மாவின் கத்தி நின்றது. சொல்லத் தொடங்கிவிட்டதால் மற்றதும் வந்தது. "நீ தொடைக்கது தெரிஞ்சுதாம்மா எழுதினேன். எதுக்குன்னு தெரியும். ஒன் நெஞ்சுல கெடக்கது நான் எழுதின சுழியம். எனக்கு அந்தச் சுவத்துல நம்ம வீட்டுப் பேருக்கு நேரா எண்ணப் பாக்க முடியல. பள்ளிக்கூடத்துல நான் எந்திரிச்சதும் பக்கத்துப் புள்ள பெஞ்சத் தொடச்சாம்மா."

"ஒனக்கு வயித்து வலின்னுல்லா சொன்ன?"

அம்மா வெகுநேரம் மீனைக் கழுவினாள். ஏழு தண்ணீர் மாற்றினாள். பிறகு கேட்டாள்: "எந்தப் புள்ளட்டி அது?"

"பேரு ஞாபகம் இல்லம்மா," என்றேன். ஞாபகம் இருந்தது.

மறுநாள் காலையில் எங்கள் தட்டு கறுப்பாகத் தொங்கியது. அம்மா துடைக்கவில்லை. ஆனால் வாசலை விட்டு நகரவும் இல்லை. கிழிந்த சேலையோடு தெருவில் நிறுத்தப்பட்டவள் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு தட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். போகிறவர்கள் தட்டைப் பார்த்தார்கள், அம்மாவைப் பார்த்தார்கள். நான் வந்து அதைக் கழற்றும் வரை நின்றாள்.

எண்ணினேன். அந்த வாரச் சுவரில் தெரு முழுக்கச் சுழியம், எங்கள் வீட்டுக்கு மட்டும் முந்நூற்று எண்பத்தெட்டு.

"ஏ மரியதங்கம்!" என்று செல்லக்கனி அக்கா ரேஷன் வரிசையிலிருந்து கத்தினாள். "இது எண்ணா, போன் நம்பரா?"

வரிசை சிரித்தது. அம்மா இருமி முடிக்க எல்லாரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அது நீண்ட இருமல். முடிந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"எங்க வீடுதான்," என்றாள் அம்மா. "தொடைக்காமப் போட்டேன். நீ தொடைக்காமப் போட்டா ஒனக்கு எம்புட்டு வருதுன்னு பாப்பமா? எம் மவா சொல்லுதா, நாம தொடைக்கத் தொடைக்கத்தான் அந்தச் சவத்து மிஷின் நம்ம தலையில கொட்டுதாம். நம்ம தெருவுல எத்தன பேரு இருமுதோம், நீயே சொல்லு."

செல்லக்கனி அக்காவின் பேரனுக்கு மூக்கில் குழாய் வைத்து மருந்துப் புகை கொடுக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அவள் சீனிப் பையை இடுப்பில் சொருகிக்கொண்டு சொன்னாள்: "எங்க வீடு என்ன கொறச்சலா? எனக்கு நானூறு வரும் பாத்துக்க."

நானூற்று இரண்டு வந்தது. அடுத்த நாள் ஆறு வீடு. அதற்கடுத்த வாரம் எல்லா வீடும். யார் வீட்டில் கூடுதல் என்று குழாயடியில் போட்டி பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு அடியில் வேறொன்று இருந்தது. தட்டு கறுத்துத் தொங்குகிற அந்த நேரத்தில் யாரும் யார் வாசலையும் நேராகப் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் மானிட்டரில் முழங்கை நிமிர்ந்தது. நீலக் கோடுகள் மெதுவாக மேற்கே நகர்ந்தன. எங்கள் தெருவில் கொடியில் போட்ட வெள்ளைத் துணி சாயங்காலம் வரை வெள்ளையாக இருந்தது. அம்மா அதை மடிக்காமல் தோளில் போட்டுக்கொண்டு தெருவை ஒரு நடை நடந்து வந்தாள். டாக்டர் இந்த முறை சீட்டில் சரியாக எழுதினார். உள்ளே போனது வெளியே வராது, இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அது போதும் என்று இருந்தது.

வளைவு எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

கேட்காமலே பதில் வந்தது. பத்தொன்பதாம் கம்பத்தின் காலடியில் கள்ளிமேடு என்று ஒரு குடியிருப்பு. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அங்கே அப்போதுதான் தட்டு மாட்டியிருந்தார்கள். அங்கே தட்டுகளைச் சேகரிக்க வேறு ஆள். பெட்டி மட்டும் எண்ணுவதற்கு என்னிடம் வரும். முதல் வாரம் நூற்று அறுபது, நூற்று எழுபத்தைந்து, அப்படி இருந்தது. பட்டியலை அந்த ஊர் டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். இரண்டாம் வாரம் பெட்டியைத் திறந்தேன். நல்லெண்ணெய் வாசனை வந்தது.

நுண்ணோக்கியில் வைத்தேன். துடைத்த தடம் வில் வில்லாகத் தெரிந்தது. எங்கள் பெண்களைவிட அழுத்தித் துடைத்திருந்தார்கள்.

மகிழினி மேடம் அந்த வாரம் சென்னையில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். அறையில் நான் மட்டும். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மிஷின் பங்கு போடும். எங்கள் தெருவுக்கு ஒரு பங்கு திரும்பி வரும், அம்மாவின் நெஞ்சுக்கும் ஒரு பங்கு வரும். சொல்லாவிட்டால் எங்கள் தெரு வெள்ளையாக இருக்கும். தட்டு சுத்தமாகத்தான் இருக்கிறது, நானாக எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

சுழியம் எழுதினேன்.

மறுநாளும் எழுதினேன். அதற்கு மறுநாள் மத்தியானம் அம்மா ஏதோ பழைய சண்டையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு முழுக் கதையை நடுவில் இருமாமல் சொல்லி முடித்தாள். அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போய் மூன்றாம் சுழியத்தை எழுதினேன். அதை எழுதியபோது பேனா ஓரிடத்திலும் நிற்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் மினி பஸ் ஏறினேன். பையில் எங்கள் வீட்டுத் தட்டு இருந்தது. முந்நூற்று எண்பத்தெட்டு வந்த அந்தத் தட்டை நான் கழுவாமல் எடுத்து வைத்திருந்தேன். உப்பள வளைவில் டிரைவர் ஒடித்துத் திருப்பினார். எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம். தட்டு உடையாமலிருக்கப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

கள்ளிமேட்டின் முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் முக்காலியில் ஏறி நின்று தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைவிடக் கொஞ்சம் இளையவள். அலுவலகத்தின் பெயர் போட்ட என் பையைக் கண்டதும் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இறங்கினாள்.

"தட்டுக்காரப் புள்ளயா? வா தாயி. நான் சுடலைவடிவு. எங்க வீட்டுத் தட்டப் பாரு, கண்ணாடி கெணக்கா இருக்கும். நாங்க உப்பளத்து ஆளுவதான், ஆனா வீடு சுத்தமா வச்சிருப்போம். அந்த டீக்கடைச் செவத்துல மொத வாரம் என்னமோ தப்பா..." சொல்லி முடிக்காமல் தொண்டையைச் செருமினாள். பிறகு இருமினாள். வறண்ட, சின்ன இருமல். எனக்கு அந்த இருமல் தெரியும். அம்மாவுக்கு ஏழாம் மாதம் வந்த அதே இருமல்.

அடுத்த வீட்டு வாசலில் இருவர் எட்டிப் பார்த்தார்கள். காது வரை எனக்குச் சூடு ஏறியது. பஸ் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. திரும்பி ஓடினால் பிடித்துவிடலாம்.

பையிலிருந்து தட்டை எடுத்து, சுற்றியிருந்த தாளைப் பிரித்து, அவளிடம் நீட்டினேன். ஒரு விரல் வைத்தால் தடம் விழும் அளவு சாம்பல். அவள் வாங்காமல் பார்த்தாள்.

"ஏ யம்மா. இது எந்தக் கேடுகெட்டவ வீட்டுத் தட்டு?"

"எங்க வீட்டுத் தட்டுக்கா," என்றேன், அடுத்த வீட்டுக்கும் கேட்கும்படி.